புழுதி மெட்டில் ஊழிச் சபதம்

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறுநாளிலிருந்து இரவு எட்டு மணி ஆனால் ரங்கூன் வீடுகளில் தட்டும் சட்டியும் கரண்டியும் முழங்கின. அந்தச் சத்தத்தோடு மாடிகளிலிருந்தும் தெருமுனைகளிலிருந்தும் ஒரு பாட்டும் எழுந்தது: ‘கபா மச்சே பூ’. ஜனநாயகம் கேட்டு எழுந்த 1988 மக்கள் எழுச்சியின்போது நைங் மியன்மா எழுதிய பாட்டு அது. 33 ஆண்டு கழித்தும் வரி மறக்காமல் பாடினார்கள்.

வரிகள்தான் அவருடையவை, மெட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா ஊரில் உருவாகி, மாநிலத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ராக் இசைக்குழு 1977-இல் வெளியிட்ட ‘டஸ்ட் இன் த விண்ட்’ பாட்டின் மெட்டு. ‘எல்லாம் காற்றில் பறக்கும் தூசி’ என்று பற்றறுத்துப் பாடிய மெட்டில், ‘ஊழி வந்தாலும் எங்கள் மனம் ஆறாது’ என்ற சபதம் ஏறிக்கொண்டது. ரங்கூனில் அனவ்ரதா சாலைக் காளி கோயில் வட்டாரத்தில் பர்மியப் பள்ளிக்குப் போய் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கும் முதலில் தெரிவது பர்மிய வரிதான். ஆங்கில மூலத்தைப் பிறகு கேட்டால், ‘நம்ம பாட்டை இவன் ஏன் பாடுறான்?’ என்றுதான் தோன்றும்.

வெளிநாட்டு இசைக்குழு இன்னொரு நாட்டின் பாட்டை மாற்றும்போது எது அப்படியே வந்து சேர்கிறது, எது வழியில் உதிர்கிறது, எதை மொழி உள்ளிருந்து திருத்திவிடுகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது கடினம்.

காப்பி என்றால் வசை இல்லை

தமிழில் ஒரு இசையமைப்பாளரைப் பார்த்து ‘காப்பி’ என்று சொன்னால் சண்டை வரும். பர்மாவில் அது ஒரு வகையின் பெயர். ‘கொப்பி தச்சின்’ என்பார்கள். ‘தச்சின்’ என்றால் பாட்டு. அயல் பாட்டின் மெட்டை எடுப்பார்கள். பெரும்பாலும் முன்னிசை, இடையிசை, கிடார் தனி வாசிப்பு வரை அப்படியே எடுப்பார்கள். பர்மியச் சொல் மட்டும் புதிது. இதற்கு எதிர் வகை ‘கோ பைங் தான்’, அதாவது சொந்த மெட்டு. கேட்பவருக்கு எது எந்த வகை என்று தெரியும். பாடுபவரும் மறைப்பதில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பர்மாவில் நெடுங்காலம் செல்லுபடியாக இருந்தது ஆங்கிலேயர் காலத்து 1914 காப்புரிமைச் சட்டம். வெளிநாட்டில் முதலில் வெளியான படைப்புக்கு அதில் பாதுகாப்பு இல்லை. புதிய சட்டம் நிறைவேறியது 2019-இல்தான். அதனால் ஒரு பர்மியப் பாட்டாசிரியர் அமெரிக்க மெட்டுக்குச் சொல் போட்டால் அனுமதி கேட்க வேண்டிய இடமும் இல்லை, கட்ட வேண்டிய பணமும் இல்லை. இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூலத்தை எழுதியவருக்கு ஒரு காசும் போகவில்லை என்ற அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஒரு தலைமுறை வாத்தியக்காரர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்ததும் இந்தக் காப்பிதான். இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை.

வராத இசைக்குழு

இந்தக் கதையில் வெளிநாட்டுக் குழு எதுவும் பர்மாவுக்கு வந்து மேடையேறிப் பாதித்ததல்ல. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்ததும் குதிரைப் பந்தயம், அழகிப் போட்டி, நடனப் போட்டி எல்லாவற்றுக்கும் தடை விழுந்தது. 1960-களில் வெளிநாட்டவருக்கு 24 மணி நேர விசாதான் கிடைத்தது. 1970 வாக்கில் அது ஏழு நாளானது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒலிபெருக்கிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு எந்தக் குழு வரும்? வெளிநாட்டுப் பாடகர் திறந்தவெளியில் பெருங்கூட்டத்தின் முன் பாடுவதைப் பார்க்க 2012 டிசம்பரில் ஜேசன் மிராஸ் ரங்கூன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடுவிட்டுப் போன பர்மாத் தமிழர் சென்னை பர்மா பஜாரில் கேசட் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் விட்டுவந்த ஊரில் ஒரு நல்ல கேசட் கைக்குக் கை மாறும் பொருளாக இருந்தது.

ஆக, குழு வரவில்லை, நாடா வந்தது. நாடாவுக்கென்று சில குணங்கள் உண்டு. அவை இசையில் கைவைக்கும்.

கேசட் நாடா ஓட வேண்டிய வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். மோட்டார் பெல்ட் தளர்ந்தாலோ, மின்கலம் இறங்கினாலோ வேகம் மாறும். 6 சதவீதம் கூடினால் சுருதி அரைச் சுரம் ஏறிவிடும். அதாவது சி கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) சி ஷார்ப் ஆகக் கேட்கும். அது பெரிய தொல்லை இல்லை. கிடார் கழுத்தில் முதல் கட்டத்தில் கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி, மாட்டினால் சேர்ந்துவிடும். உண்மையான தொல்லை 3 சதவீதம். அப்போது சுருதி இரண்டு கட்டைக்கும் நடுவில் தொங்கும். கேப்போ உதவாது. ஆறு தந்தியையும் முறுக்கி நாடாவோடு சேர்க்க வேண்டும். முறுக்கும்போது முதலில் அறுவது மெல்லிய முதல் தந்தி. கிடார் சேர்ந்தாலும் ஆர்கனில் சுருதி திருகு இல்லையென்றால் அது சேராது. கடைசியில் எல்லோரும் நாடாவைக் கைவிட்டுக் கீபோர்டின் சுருதிக்கு வருவார்கள். நாடாவோடு பாடிப் பழகிய பாடகருக்கு மட்டும் பாட்டு ‘இறங்கிக்’ கிடப்பதுபோல் இருக்கும்.

பிரதியின் பிரதி இன்னொரு தொல்லை. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடுகிறது. ஒரே தரமுள்ள நாடா என்று வைத்துக்கொண்டால் முதல் படியில் சுமார் 3 டெசிபல், அடுத்ததில் 5 டெசிபலை நெருங்கும். இரைச்சல் ஏற ஏற முதலில் தொலைவது ஹை-ஹாட் தாளத்தட்டின் நுணுக்கம். சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸ் கிடாரும் போய்விடும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறையைப் போட்டுப் பதிந்த நாடாவை டால்பி இல்லாத கருவியில் ஓட்டினால் எதிர்ப்பக்கமாகக் கெடும். உச்சஸ்தாயி கூச்சமாக எரியும். இப்படிப்பட்ட நாடாவிலிருந்து காதாலேயே பாட்டை எடுக்கும் பேஸ் கிடார்காரர் கேட்காத இடத்தில் என்ன வாசிப்பார்? கார்டின் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஊகிப்பார். அவரிடம் கற்பவர் அந்த ஊகத்தையே மூலம் என்று கற்பார். ஒரு நாட்டின் வாசிப்புப் பாணியில் ஒரு பங்கு இப்படியும் உருவாகும். இதைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒரு விரல் மட்டும் நகரும் பாட்டு

இந்த மெட்டு ஏன் தெருவில் தங்கியது என்பதற்குக் காரணம் அதன் உடலிலேயே இருக்கிறது. கான்சாஸ் குழுவின் கெர்ரி லிவ்கிரென் விரலால் தந்தியை மீட்டும் பயிற்சிக்காக உருட்டிக்கொண்டிருந்த வரிசை அது. கேட்ட மனைவி நன்றாக இருக்கிறதே, இதற்குச் சொல் போடு என்றதால் பாட்டானது. 1978-இல் அமெரிக்கப் பில்போர்டு வரிசையில் 6-ஆம் இடம்வரை போனது. அதில் டிரம்ஸ் இல்லை. இரைச்சலான ராக் குழுவிடமிருந்து வந்த பாட்டு, ஒரு மரக்கிடாரை வைத்துக்கொண்டு முழுதாக வாசித்துவிடக்கூடிய பாட்டாக இருந்தது.

கை வேலை இதுதான். வலது கட்டைவிரல் ஐந்தாம் தந்திக்கும் நான்காம் தந்திக்கும் மாறி மாறி ஊசலாடும், நிற்கவே கூடாது. சுட்டுவிரலும் நடுவிரலும் மூன்றாம், இரண்டாம் தந்திகளை இடையிடையே கொத்தும். இடது கை சி கார்டைப் பிடித்திருக்கும். மாறுவது இரண்டாம் தந்தி மட்டும்: முதல் கட்டம், பிறகு திறந்த தந்தி, பிறகு மூன்றாம் கட்டம். அந்த ஒரு விரல் நகர்வில் மூன்று வெவ்வேறு கார்டுகள் பிறந்துவிடும். அடுத்து ஏ மைனர் இடத்துக்குப் போனால் அங்கேயும் அதே திறந்த தந்தி, அதே மூன்றாம் கட்டம், அதே முதல் கட்டம். முன்னிசை முழுவதும் இந்த இரண்டு இடங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

புதிதாகக் கற்பவர் தவறுவது கட்டைவிரலில். விரல்கள் கொத்தும் இடத்தில் கட்டைவிரலும் சேர்ந்து நின்றுவிடும், ஓட்டம் நொண்டும். இதற்கு மருந்து, ஒரு வாரம் கட்டைவிரலை மட்டும் ஓட்டுவது. இரண்டாவது தவறு, பாட்டு தொடங்கியதும் ஜி கார்டுக்கும் டி மைனருக்கும் மாறும்போது கட்டைவிரல் பழைய தந்திகளையே தேடுவது. ஜி-க்கு அடித்தந்தி ஆறாவது, டி மைனருக்கு நான்காவது. அதை மறந்தால் கார்டு சரியாகவும் அடிச்சுரம் தப்பாகவும் ஒலிக்கும். மேடைக்கு எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் முகம் சுளிப்பார்.

ஊர்வலத்தில் டிரம்ஸ் தூக்கிக்கொண்டு போக முடியாது. மின்சாரம் இருக்காது. ஒரு கிடார் போதும், அதுவும் இல்லையென்றால் தொண்டை போதும் என்ற பாட்டுதான் அங்கே நிலைக்கும்.

நிலவை நீட்டினால் ‘வா’

சொல் போடும் இடத்துக்கு வருவோம். இந்த நிகழ்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பர்மிய மொழி தொனி மொழி. ஒரே எழுத்தொலி, தொனி மாறினால் வேறு சொல். ‘லா’ என்பதைத் தாழ்ந்த தொனியில் நீட்டிச் சொன்னால் ‘வா’ என்ற வினை. உயர்ந்து விழும் தொனியில் சொன்னால் கேள்வியின் ஒட்டு, நம் ‘ஆ’ போல. தொண்டையை இறுக்கிச் சட்டென்று வெட்டிச் சொன்னால் நிலவு. இவை போக, குரல்வளை அடைபட்டு முடியும் நான்காவது வகை ஒன்றும் உண்டு. ஆக நான்கில் இரண்டு இயல்பிலேயே குறுகியவை, நீட்ட முடியாதவை.

காதல் பாட்டில் நிலவு வராமல் இருக்குமா? அயல் மெட்டில் நீளமான சுரத்தின்மேல் நிலவை வைத்தால் பாடகருக்கு இரண்டு வழிதான். ஒன்று, சொல்லைச் சட்டென்று வெட்டிவிட்டு மிச்ச நேரத்தை வெறுமையாக விட வேண்டும், மெட்டு ஓட்டையாகும். அல்லது நீட்ட வேண்டும். நிலவு ‘வா’ ஆகிவிடும். தேர்ந்த பாட்டாசிரியர் சுரத்தின் நீளத்தைப் பார்த்தே சொல்லை எடுப்பார். நீளச் சுரத்துக்குத் தாழ்தொனிச் சொல்லோ உயர்தொனிச் சொல்லோ. குறுஞ்சுரத்துக்கு இறுகிய சொல். மெட்டு ஏறும் இடத்தில் உயர்தொனி விழுந்தால் இன்னும் நல்லது. எல்லா இடத்திலும் அது வாய்க்காது, சூழலை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார்.

இந்தக் கணக்கோடு தலைப்பு வரியைப் பாருங்கள். க-பா-ம-ச்சே-பூ: ஐந்து அசை. முதல் ‘க’வும் நடுவில் வரும் ‘ம’வும் பாதி விழுங்கிச் சொல்லப்படும் அரை அசைகள், குறுஞ்சுரத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘பா’, ‘ச்சே’, ‘பூ’ மூன்றும் திறந்த உயிரில் முடிபவை. மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம். கடைசி ‘பூ’ உயர்தொனி. அடைபடும் அசை ஒன்றுகூட இல்லை. ஆயிரம் பேர் சேர்ந்து இழுத்துப் பாட இதைவிடத் தோதான ஐந்து அசை அமைவது அரிது.

பொருளும் கவனிக்க வேண்டியது. ‘கபா’ பாலியின் ‘கப்ப’, நம் கல்பம், உலகம், ஊழி. ‘ம’வும் ‘பூ’வும் இருபக்கமும் அணைத்து நிற்கும் எதிர்மறை. நடுவில் இருக்கும் ‘ச்சே’ என்றால் தீர்வது: கடன் தீர்வது, மனக்குறை ஆறுவது. வேறு எழுத்தில் எழுதப்பட்டு அதே ஒலியில் வரும் இன்னொரு ‘ச்சே’ உண்டு. அதற்கு நொறுங்குவது, பொடியாவது என்று பொருள். காதுக்கு இரண்டும் ஒன்று. மூலப் பாட்டில் எல்லாம் பொடியாகிப் பறக்கிறது. பர்மிய வரியில் ‘பொடியாகாது’ என்பதும் ‘ஆறாது’ என்பதும் ஒரே மூச்சில் கேட்கிறது. எழுதியவர் நினைத்து வைத்தாரோ, மொழி தானாகக் கொடுத்ததோ, மூலத்துக்கு இவ்வளவு நெருங்கி நின்று இவ்வளவு எதிராகத் திரும்பிய வரி மொழிபெயர்ப்பில் கிடைக்காது. பாட்டின் உள்ளே தேசியக் கவிஞர் தகின் கொடவ் மைங்கையும் விடுதலைத் தலைவர் தளபதி ஆங் சானையும் கூப்பிட்டு முறையிடுகிறார்கள். டொபீகாவின் தத்துவப் புலம்பலில் அப்படி அழைக்க ஒரு பாட்டனும் இல்லை.

எதுகைக் கணக்கும் வேறு. ஆங்கிலப் பாட்டு வரியின் கடைசியில் ஒலி சேர்க்கும். பர்மிய மரபுச் செய்யுளில் நான்கு அசைகொண்ட வரிகளில், முதல் வரியின் நான்காம் அசையும் அடுத்த வரியின் மூன்றாம் அசையும் அதற்கடுத்த வரியின் இரண்டாம் அசையும் ஒலி ஒத்து, படிக்கட்டு போல ஏறும். நமக்கு எதுகையும் மோனையும் வரியின் தலையில் நிற்பவை. அயல் மெட்டு தன் ஓய்வுகளைத் தானே முடிவு செய்துகொண்டு வருவதால், அந்தப் படிக்கட்டை எங்கே நிறுத்துவது என்பதே பர்மியப் பாட்டாசிரியரின் பாதி வேலை.

தமிழில் போட்டால் எங்கே இடறும்

ரங்கூன் தமிழர் கல்யாண மேடையில் இதே மெட்டுக்குத் தமிழ்ச் சொல் போட நினைப்பவர், பர்மியரின் வழியை அப்படியே எடுத்தால் கெடுவார். பர்மியச் சொல் பெரும்பாலும் ஓரசை; ஆங்கிலப் பாட்டின் சொல்லும் பெரும்பாலும் ஓரசை. ஒரு சுரத்துக்கு ஒரு சொல் என்று அடுக்கிவிடலாம். தமிழில் ஒரு வினைமுற்றுக்கே நான்கு அசை வேண்டும். பர்மாவில் மெட்டை மாற்றாமல் காப்பி செழித்ததற்கும், தமிழ்த் திரையிசையில் அயல் மெட்டை எடுத்தவர்கள் அதை வளைத்து நெளித்தே பயன்படுத்தியதற்கும் இது ஒரு காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

முதலில் தத்தகாரம் எழுதிக்கொள்ள வேண்டும். மெட்டின் முதல் துண்டு நான்கு அசை: ‘ன தா ன தா’. தாளம் விழுவதற்கு முன்பே தொடங்குவது, அதீத எடுப்பு. அடுத்த துண்டு பதினொரு அசை: பத்தும் விரைவாக ஓடி, கடைசி ஒன்று மட்டும் நீளும். திரும்பத் திரும்ப வரும் மகுட வரி (‘டஸ்ட் இன் த விண்ட்’) நான்கு: ‘தானன தா’. அதை ஒட்டி வரும் துண்டு எட்டு.

பதினொரு அசைத் துண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘தனதன தனதன’ என்று குறிலை ஓடவிடுவது திருப்புகழ் பாடிய மொழிக்குப் புதிதல்ல. இடறல் கடைசி நீளச் சுரத்தில்தான். பர்மியருக்குத் தொனி எப்படியோ, நமக்குக் குறில் நெடில் அப்படி. மகுட வரிக்குக் ‘காற்றினில் தூள்’ என்று போட்டால் நெடில் விழ வேண்டிய இரண்டு இடத்திலும் நெடில் விழுகிறது. ‘ள்’ நாவை மடக்கி முடிவதால் இழுத்த பிறகு மூடலாம். அதற்குப் பதில் ‘காற்றில் புழுதி’ என்று போட்டுப் பாருங்கள். ஒரு அசை கூடிவிட்டது. அதைத் திணித்தாலும் நீளும் சுரம் ‘தி’யில் விழுகிறது. இழுத்தால் ‘புழுதீ’. கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவருக்குக் கேட்பது ‘தீ’ மட்டும். கல்யாண மேடையில் அந்தச் சொல்லை யாரும் விரும்பமாட்டார்கள். பர்மியரின் நிலவு ‘வா’ ஆவதும் நம் புழுதி ‘தீ’ ஆவதும் ஒரே விபத்துதான்.

அதீத எடுப்பில் இன்னொரு கண்ணி உண்டு. தமிழில் சொல்லின் அழுத்தம் தலையசையில். தாளத்துக்கு முன் விழும் அந்த முதல் குறில், ஒரு பெரிய சொல்லின் தலையசையாக இருந்தால் சொல் தலையில்லாமல் கேட்கும். அங்கே ‘இ’, ‘அ’ போன்ற சுட்டோ, ஒரு சின்ன விளியோ வைத்துவிட்டு, முக்கியமான சொல்லைத் தாளம் விழும் இடத்தில் தொடங்குவது நல்லது.

ஒரே ஒரு சாதகம்: நமக்கும் பர்மியருக்கும் வினை கடைசியில்தான் வரும். அதனால் வரிக் கடைசியில் ஒலி ஒத்துப்போவது தானாகக் கிடைக்கும். அதுவே வலையாகவும் ஆகும். ‘-கிறேன், -கிறேன்’ என்று எட்டு வரி முடிந்தால் பாட்டு அறிக்கைபோல் இருக்கும்.

மேளம் நகர்ந்து டிரம்ஸ் வந்த இடம்

ஒரு பாட்டைவிட்டு மொத்தத்தைப் பார்த்தால், அயல் குழுக்கள் பர்மிய இசையில் மாற்றியது மெட்டைவிட ஆழமான விஷயங்களை. மரபு மேளமான சைங் வைங்கில் வாசிப்பவரைச் சுற்றி 21 சுருதி மத்தளங்கள். அரிசிச் சோறும் சாம்பலும் குழைத்த பசையைத் தோலில் அப்பி, கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்ப்பார்கள். நம் மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்புவதுபோல. அதன் சுருதி வரிசை பியானோவின் வரிசையோடு முழுக்க ஒத்துப்போகாது. நாலாவது சுரம் சற்று ஏறியும் ஏழாவது சற்று இறங்கியும் நிற்கும். கார்டு என்ற கருத்தே அங்கே இல்லை. ஒரே மெட்டை ஒவ்வொரு வாத்தியமும் தன் வழியில் நெளிக்கும். தாளத்தை ‘சீ’ என்ற சிறு ஜால்ராவும் ‘வா’ என்ற மூங்கில் தட்டையும் சொல்லும். எடை வரியின் முடிவை நோக்கிப் போகும். ராக் டிரம்ஸ் ஒன்றில் உதைத்து, இரண்டிலும் நான்கிலும் அடிக்கும். இந்த இரண்டு எடையும் ஒரே உடம்பில் உட்காரப் பழக வேண்டியிருந்தது.

சுரத்தை எண்ணால் எழுதும் இடத்திலும் குழப்பம் வரும். மரபுக்காரர்கள் ஹ்னே குழலின் துளைக் கணக்கில் சுரத்தைக் கீழ்நோக்கி எண்ணுவார்கள்: சி ஒன்று என்றால் பி இரண்டு, ஏ மூன்று. கிடார் பழகியவரின் எண் மேல்நோக்கிப் போகும். அவருக்கு இரண்டு என்றால் டி. ஒரே தாளைப் பார்த்து இருவர் வாசித்தால் இரண்டாவது எண்ணிலேயே பிரிந்துவிடுவார்கள்.

அயல் வாத்தியத்தைச் சொந்தமாக்குவது பர்மாவுக்கு ராக் வருமுன்பே பழக்கம்தான். பியானோவைச் ‘சந்தயா’ என்று பெயரிட்டு மத்தள வாசிப்பைக் கட்டைகளில் ஏற்றினார்கள். ஹவாய் கிடாரையும் வயலினையும் அப்படியே இழுத்துக்கொண்டார்கள். வித்தியாசம், முன்பெல்லாம் வாத்தியம் வந்து பர்மிய இசைக்குப் பணிந்தது. 1970-களில் ‘ஸ்டீரியோ’ பாட்டு என்ற பெயரோடு வந்தபோது, இசையின் கட்டமைப்பே கூட வந்தது. சாய் டீ சைங் முதலானவர்கள் அந்த அலையின் முகங்கள். அவரது குழுவின் பெயரே ஆங்கிலத்தில்: த வைல்ட் ஒன்ஸ்.

ஆனால் ஒரு விஷயத்தில் பர்மா அசையவில்லை. மேற்கில் ஒரு ராக் குழு என்றால் அதற்கென்று ஒரு பாடகர், ஒரே முகம். பர்மாவில் குழு என்பது ஒரு மேளம். யார் பாடினாலும் வாசிக்கும். 1990-களில் எழுந்த அயர்ன் கிராஸ் உச்ச இரைச்சல் ராக் வாசித்த குழு. கிடாரில் சிட் சான் மௌங். அதன் மேடையில் லே பியூ, ஆ ங்கே, மியோ ஜீ, வை வைன் என்று பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். குழு இறங்காது, பாடகர் மாறுவார். நம் கல்யாணக் கச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதன் விளைவு வாத்தியக்காரரின் மேல் விழும்: ஒரே இரவில் நான்கு தொண்டைக்கு ஏற்ற நான்கு சுருதி, ஒவ்வொரு பாட்டுக்கும் கிடார் ஒலியை மூலத்துக்கு நெருக்கமாக மாற்றும் பெடல் அமைப்பு. வரிசைத் தாளில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சுருதி எழுதாவிட்டால் மூன்றாவது பாடகரின்போது யாராவது ஒருவர் பழைய சுருதியில் தொடங்கிவிடுவார்.

தணிக்கை பற்றிச் சுருக்கமாக. வெளியிடும் ஆல்பத்தின் வரிகளும் ஒலிப்பதிவும் அரசின் அச்சுப் பரிசீலனைப் பலகைக்குப் போக வேண்டும். 2012-இல்தான் அந்த முன்தணிக்கை விலகியது. வெட்டப்பட்ட சொல்லுக்குப் பதில் சொல் தேடும்போது அதே அசை எண்ணிக்கை, அதே தொனி, அதே ஒலி ஒப்பு எல்லாம் மறுபடி கிடைக்க வேண்டும். ஒரு சொல் போனால் நான்கு வரி போகும். ‘கபா மச்சே பூ’ இந்த வாசல் வழியாகப் போகவே இல்லை. அது கை மாறிய நாடாவின் பாட்டு.

2000-இல் ஆசிட் குழுவின் ஆல்பத்தோடு ராப் வேரூன்றியபோது மெட்டுக்குத் தொனி தேடும் தொல்லை அந்த வகையில் ஒழிந்தது. பேச்சின் தொனியே அங்கே மெட்டு. சொந்த மெட்டுக்காரர்களும் பெருகினார்கள். அதற்காகக் காப்பிப் பாட்டு சாகவில்லை. தின்ஜான் தண்ணீர்த் திருவிழா மேடையில் இரண்டும் அடுத்தடுத்து ஓடும்.

2021 தெருக்களுக்குத் திரும்பினால், அந்த மெட்டு இன்னும் ஒரு முறை மாறியிருப்பது கேட்கும். கிடார் இல்லாத கூட்டத்தில் அந்த ஒரு விரல் முன்னிசை காணாமல் போகிறது. யாரோ ஒருவர் முதல் சொல்லை எடுத்ததும் பாட்டு தொடங்கிவிடுகிறது. அவர் எடுத்த சுருதிதான் சுருதி. பெரும்பாலும் தாழ எடுப்பார்கள், மகுட வரிக்கு வரும்போது பெண்கள் எட்டுச்சுரம் மேலே போய்விடுவார்கள். இடையில் வரும் வயலின் பகுதியை யாரும் வாயால் பாடுவதில்லை. அந்த இடத்தில் கைதட்டல். மூலத்தில் நிமிடத்துக்குத் தொண்ணூற்றுச் சொச்சமாக ஓடும் தாளம், பின்வரிசைக்குக் குரல் போய்ச்சேரும் நேரத்தால் இழுபட்டு மெதுவாகிறது. கடைசி ‘பூ’ மட்டும் நாடாவில் இருப்பதைவிட இரண்டு மூன்று தாளம் கூடுதலாக நிற்கிறது.